வேலியோரத்துப் பாத்திகள்

ஒரு மனிதனின் பிழைப்பை நான் ஒரு பொய்யால் கெடுத்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியின் தெற்கே, விமானங்கள் கூரையை உரசுவதுபோலத் தாழப் பறக்கும் ஒரு புறநகர். அங்கே நகரசபை மண்டபத்தில் எழுந்து நின்று, என் நான்கு வயது மகளுக்கு ஆஸ்துமா வந்ததற்கு எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் இருந்த சீனரின் தோட்டமே காரணம் என்று சொன்னேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் எங்கள் முதல் குளிர்காலத்தைப் பற்றி எழுதியபோது அந்தத் தோட்டத்தை ஒரே வரியில் தாண்டிப் போனேன். "பின்னால் ஒரு மரக்கறித் தோட்டம்" என்று எழுதிவிட்டு, மீதிப் பத்தியை ஹீற்றருக்கும் கம்பளிக்கும் கொடுத்தேன். அச்சில் அந்த வரியைப் பார்த்தபோது அதுவும் ஒரு பொய்யாகவே தெரிந்தது. ஆகவே இந்த வாரம் ஒழுங்காகச் சொல்கிறேன்.

கைதட்டல்

அந்த மண்டபத்தில் தரைக்குப் பூசும் மெழுகின் மணமும் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணமும் கலந்திருந்தன. கொழும்பில் தைத்த சூட் அணிந்திருந்தேன். குரல் நடுங்கவில்லை. எருவின் நாற்றம் தாங்க முடியவில்லை என்றேன். காற்றடிக்கும் நாட்களில் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள் என்றேன். நான் ஒரு பொறியியலாளன், எதையும் ஆராயாமல் சொல்பவன் அல்ல என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

அயலவர்கள் கைதட்டினார்கள். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

கடைசி வரிசையில் ஒரு கிழவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோட்டக்காரர். அவரை யாரும் பேச அழைக்கவில்லை. குத்தகை வருகிற குளிர்காலத் தொடக்கத்தோடு முடிகிறது, இனிப் புதுப்பிப்பதில்லை என்று சபை அன்றைக்கே கையுயர்த்தி முடிவெடுத்தது. அந்த இடம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாகும் என்றார்கள்.

வெளியே வந்தபோது கிழவர் என்னைப் பார்த்துத் தலையைச் சற்றே தாழ்த்தினார். அதை நான் வணக்கம் என்றே எடுத்துக்கொண்டேன்.

மிஸிஸ் கார்ட்டரின் மேசை

இந்த யோசனை பக்கத்து வீட்டு மிஸிஸ் கார்ட்டருடையது. நாங்கள் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரூட் கேக்கோடு வந்தவர். நல்ல மனுஷி என்றே நினைத்தோம். கேக்கைப் பொறுத்தவரை இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்தத் தோட்டம் போய்விட்டால் எங்கள் தெருவில் வீடுகளின் மதிப்பு உயரும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லோரும் நாற்றத்தைப் பற்றியே பேசினார்கள். மிஸிஸ் கார்ட்டர் மனு எழுதி வைத்துக்கொண்டு என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்.

"நீங்கள் பேசினால்தான் எடுபடும்" என்றார். "நாங்கள் பேசினால் இனத்துவேஷம் என்று யாராவது எழுதிவிடுவார்கள். காலம் அப்படி. நீங்கள் சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்?"

எனக்கு உச்சி குளிர்ந்தது. அதை மறைத்து என்ன பயன்? வெள்ளையர் அல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்து நாலைந்து வருடம்கூட ஆகாத நாடு. அந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, 'நீங்கள் எங்களுக்கு வேண்டும்' என்கிறார். என் தோலின் நிறத்தை அவர் ஒரு உறையாகக் கேட்டார். நானே கழற்றிக் கொடுத்தேன்.

கையெழுத்துப் போடும்போது பேனா விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேசை இழுப்பறையின் அடிப்பலகையில் ஒரு முத்திரை சூடுபோட்டதுபோலப் பதிந்திருந்தது. 'ஐரோப்பியத் தொழிலாளர் மட்டும்' என்று ஆங்கிலத்தில். என்ன இது என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். மாமியார் மெல்பேர்னிலிருந்து கொண்டுவந்த மேசையாம். அந்தக் காலத்தில் அங்கே சீனத் தச்சர்கள் மலிவாகத் தளபாடம் செய்து விற்றார்களாம். யார் செய்த கதிரை, யார் செய்த மேசை என்று முத்திரை குத்த வேண்டுமென்று சட்டமே இருந்ததாம். "வேடிக்கையான காலம்" என்றார்.

நானும் சிரித்தேன். அந்த மேசையின் மேலேயே வைத்துக் கையெழுத்திட்டேன்.

வேடிக்கையான காலம்

அந்தக் காலத்தின் வேடிக்கையை நான் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுப் பேசியிருக்க வேண்டியவன், பேசிவிட்டுப் படித்தேன்.

தங்கம் கிடைக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனர்கள் தென்சீனத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்தார்கள். விக்டோரியாவில் இறங்கும் ஒவ்வொரு சீனனுக்கும் தலைவரி போட்டார்கள். வெள்ளைக்காரனுக்கு இல்லை. வரியைத் தவிர்க்க அவர்கள் பக்கத்து மாநிலத்துக் கரையில் இறங்கி, தோளில் காவடித்தடி போட்டு, வாரக்கணக்கில் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். போன இடத்தில் வெள்ளையர்கள் அவர்களின் கூடாரங்களைக் கொளுத்தினார்கள், தலைப்பின்னலை அறுத்தார்கள். தங்கம் தீர்ந்ததும் சீனர்கள் தச்சு வேலை செய்தார்கள். அதற்கு முத்திரை வந்தது. தோட்டம் செய்தார்கள். ஊரே அவர்கள் வளர்த்த கோவாவையும் மற்ற மரக்கறியையும் தின்றுகொண்டு அவர்களைப் பழித்தது.

பிறகு இருபதாம் நூற்றாண்டு பிறந்தது. வருகிறவனுக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதுதல் சோதனை வைத்தார்கள். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்தவன் வந்தால் வேறொரு மொழியில் வைக்கலாம். தோற்கடிப்பதற்கென்றே வைத்த பரீட்சை அது. தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால் சீனன் ஒருவனைத் தற்காலிகமாக விடுவார்கள். அவன் மனைவியை விடமாட்டார்கள். ஆண்கள் தகரக் கொட்டிலில் தனியே கிழவர்களானார்கள். செத்த பிறகாவது ஊருக்குப் போகவேண்டும் என்று சிலர் எலும்பை அனுப்ப ஏற்பாடு செய்துவைத்தார்கள். சீனாவில் ஆட்சி மாறியபின் அந்த வழியும் அடைபட்டது.

இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதுகிறபோதும் கை சூடாகிறது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது? சட்டம் போட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தச் சட்டம் விட்டுவைத்த கடைசி ஆட்களில் ஒருவரை முடித்து வைத்தது நான். சொந்த நாட்டில் மொழியைக் காட்டி என் பதவி உயர்வை நிறுத்தினார்கள், நீ இந்த மண்ணுக்கு உரியவன் இல்லை என்றார்கள். அதைத் தாங்க முடியாமல் ஓடிவந்தவன் நான். ஓடிவந்து நான் செய்த முதல் காரியம் இது.

மேய்ஸ் ஹில்லில் ஒரு தம்பி

போன சனிக்கிழமை சிட்னியில், மேய்ஸ் ஹில் முருகன் கோவிலில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்து, இப்போது மெல்பேர்னில் வேலை, இங்கே வந்தது விடுமுறைக்கு. அங்கே கிளென் வேவர்லியில் நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வீடு தேடுகிறார். ஏலத்துக்கு ஏலம் தோற்ற எரிச்சலில் இருந்தார்.

"சைனீஸ் எல்லாத்தையும் வாங்கிட்டாங்க அங்கிள். இப்ப வந்தவங்க, நம்மளத் தெருவுல நிக்க வெச்சுட்டாங்க."

நீங்கள் எப்போது வந்தீர்கள் தம்பி என்று கேட்டேன். ஏழு வருஷம் ஆச்சு என்றார் பெருமையாக. தோளில் தடியோடு நடந்தவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டில் இருந்த புளியோதரையை முடித்துவிட்டு, "அது வேற சைனீஸ் அங்கிள்" என்றார்.

எப்போதும் வேறு சீனர்தான். எனக்கும் அன்று அப்படித்தான் இருந்தது.

பாவற்காய்

தோட்டக்காரரை எங்கள் தெருவில் எல்லோரும் 'சார்லி' என்றார்கள். அவருக்கு முன் அங்கே வேலை செய்தவர்களும் சார்லிகளே. அவர் பெயர் லியோங். அதைக் கேட்டு அறிந்தவள் என் மனைவி பவானி.

அந்தக் காலத்துச் சிட்னியில் எங்கள் மரக்கறி எதுவும் கிடையாது. கடைக்குப் போனால் உருளைக்கிழங்கு, கரட், பிறகும் உருளைக்கிழங்கு. ஒரு நாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் குசினிக்குள் ஓடிவந்தாள். முளைக்கீரை! சிவப்புத் தண்டோடு, பாத்தி பாத்தியாக. கோடை வந்ததும் பந்தலில் பாவற்காய் தொங்கியது. ஊர்க் காயைவிட நீளமாக, மெழுகு பூசினதுபோல வெளிர்ப்பச்சை. கசப்பு மட்டும் அதே கசப்பு.

அதன்பின் சனிதோறும் பின்சந்து ஒழுங்கையால் சுற்றிப் போய் வாங்கி வருவாள். அவருக்குக் கொஞ்ச ஆங்கிலம், இவளுக்குக் கொஞ்சம் கூச்சம். முதலில் இருவரும் விரலால் காட்டியே வியாபாரம் செய்தார்கள், பிறகு துண்டு துண்டாகப் பேசவும் தொடங்கினார்கள். அந்தக் கீரையைத் தின்றுகொண்டேதான் நான் மனுவில் கையெழுத்திட்டேன்.

கூட்டத்துக்குப் பவானி வரவில்லை. பிள்ளையோடு வீட்டில் இருந்தாள். சபை குத்தகையை நிறுத்துகிறதாம் என்று மட்டும் வந்து சொன்னேன். நான் பேசியதைச் சொல்லவில்லை.

கோடையின் நடுவில் ஒரு சனிக்கிழமை, வாங்கிய பையோடு வந்தவள் அதை மேசையில் வைக்காமல் வாசலிலேயே நின்றாள். லியோங் அவளிடம், சின்னப் பெண்ணுக்கு மூச்சு இப்போது பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார். வேலியோரத்துப் பாத்திகளைக் காட்டியிருக்கிறார். அங்கே இப்போது ஒன்றுமே இல்லை, வெறும் மண். கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து வேலிப்பக்கம் எரு போடுவதில்லையாம், நடுவதுமில்லையாம். கோழி எருக் குவியலைக் கைவண்டியில் தள்ளித் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோய்விட்டாராம். காற்று எங்கள் பக்கம் அடிக்கிறதல்லவா, அதனால்.

கடைசி வரிசையில் இருந்த அந்த மனிதர் என் ஆங்கிலத்தில் பாதியைத்தான் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். விளங்கிய பாதி, பிள்ளையும் மூச்சும். தன்னை வெளியேற்றிய வார்த்தையை நம்பி, தன் நல்ல மண்ணைத் தரிசாகப் போட்டிருந்தார்.

பவானி சத்தம் போடவில்லை.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு மூச்சு முட்டு எப்ப தொடங்கினது?"

"கொழும்பில."

"கொழும்பில எங்க?"

"வெள்ளவத்தை வீட்டில."

"வெள்ளவத்தையில ஆர் சீனன் எங்கட வீட்டுக்குப் பின்னால தோட்டம் செய்தவன்?"

நான் நாற்றத்தைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"நாத்தமோ? மாமா புகையிலைக்குப் போட்டது என்ன, அத்தரே?"

என் தந்தையார் புகையிலைத் தோட்டத்துக்கு மாட்டெருவும் மீன்கழிவும் போட்டவர். அந்தப் புகையிலையின் காசில்தான் நான் பொறியியல் படித்தேன்.

"அயலுக்குள்ள ஒத்துப்போக வேணுமெல்லே, பவானி. நாங்கள் வந்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகேல்லை."

"அவர் வந்து எத்தினை வருஷம்?"

எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பதினேழு வயதில் வந்தவர். ஊரில் கல்யாணம் செய்துவிட்டு வந்து, அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தவர். பாவற்காய் வாங்குகிற இடைவெளியில் இதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு நான் எருவை மட்டும் முகர்ந்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது பேச்சு

அடுத்த சபைக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டேன். அதே மண்டபம், அதே மெழுகு மணம். மகளின் நோய் எங்களோடு விமானத்தில் வந்தது, தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சென்ற முறை நான் சொன்னது பொய் என்றேன். மூன்றே வசனம். இந்த முறை குரல் நடுங்கியது.

ஒருவர் இருமினார். தலைவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த முடிவு பல காரணங்களை வைத்து எடுக்கப்பட்டது" என்றார்.

என்ன காரணங்கள் என்று கேட்டேன். விஷயம் முடிந்துவிட்டது என்றார். முதல் கூட்டத்தில் எருவின் நாற்றத்தையும் என் மகளின் மூச்சையும் தவிர வேறொரு காரணத்தையும் யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. பொய்யை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கோப்பு மூடியிருந்தது.

மிஸிஸ் கார்ட்டர் மறுநாள் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. கேக்கும் நின்றது.

பிறகு தோட்டத்துக்குப் போனேன். சபையில் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. லியோங் இரண்டு கையிலும் பூவாளியோடு வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னது பொய், பிள்ளைக்கு உங்கள் தோட்டத்தால் எதுவுமில்லை என்று மெதுவாக, சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் பூவாளிகளைக் கீழே வைத்தார்.

"பிள்ளைக்கு ஒன்றும் இல்லையா?"

"இல்லை."

வேலியோரத்தைப் பார்த்தார். அதுவரை வெற்று மண்ணாக இருந்த இடத்தில் களை தலைகாட்டியிருந்தது.

"நல்ல மண்" என்றார். "நாலு மாதம் சும்மா கிடக்கிறது."

அவ்வளவுதான். குத்தகையைப் பற்றிக் கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. பூவாளிகளைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்து வரிசைக்கு வந்து ஊற்றினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடிவந்து என் கால் சப்பாத்தை நனைத்தது. நான் விலகவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

மேற்குப் புறநகரில் குத்தகைக்கு ஒரு நிலம் இருப்பதை அலுவலக நண்பர் மூலம் கண்டுபிடித்து, பவானியிடம் சொல்லி அனுப்பினேன். மண்ணைப் பழக்கப் பத்து வருடம் வேண்டும், எனக்கு வயது எழுபது என்று சொல்லிவிட்டாராம். குளிர்காலம் பிறந்ததும் புல்டோசர் வந்தது. பந்தல் விழுந்த சத்தம் எங்கள் குசினிக்குக் கேட்டது. லியோங் நகரத்தில் சீனர் கடைத்தெருவான சைனா ரவுனில் ஒரு கடைக்கு மேலே ஒரு அறைக்குப் போனார். பவானி மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்து வருவாள். அவளுக்குத் தேநீர் கொடுப்பார், பிள்ளையைப் பற்றிக் கேட்பார். என்னைப் பற்றி அவர் ஒருபோதும் கேட்கவில்லை. அதுவே நியாயம்.

விளையாட்டுத் திடல் வரவில்லை. சில வருடம் களை வளர்ந்தது. பிறகு பக்கத்து கிளப்புக்குக் கார் நிறுத்துமிடமானது.

பரிசோதகர்

அந்த வசந்த காலத்தில் சபையிலிருந்து ஒரு சுகாதாரப் பரிசோதகர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இளைஞர், தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார். எங்கள் சமையலறையிலிருந்து தாங்க முடியாத மணம் வருவதாகவும், அது அயலில் ஒரு பிள்ளையின் உடல்நலத்தைப் பாதிப்பதாகவும் முறைப்பாடு வந்திருக்கிறதாம். யார் கொடுத்தது என்று சொல்லமாட்டார்களாம். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வாசகம் எனக்குப் பழக்கமானது.

பவானி அப்போது பாவற்காய் வற்றல் பொரித்துக்கொண்டிருந்தாள். லியோங்கின் கடைசிப் பந்தலில் பிடுங்கிய காய். கோடை வெயிலில் கராஜ் தகரத்தின் மேல் காயவைத்துப் போத்தலில் அடைத்து வைத்திருந்தாள். எண்ணெயும் கசப்புமாக வீடு முழுக்க மணந்தது.

பரிசோதகர் மூக்கை உயர்த்தி, இது என்ன மணம் என்று அவளைக் கேட்டார்.

அவள் கரண்டியை வைக்காமல், தமிழிலேயே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்களே சொல்லுங்கோ. மணத்தைப் பற்றி உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்."

மனைவி என்ன சொல்கிறார் என்று அவர் கேட்டார். வேலிக்கு அப்பால் இருந்த தோட்டத்துக் காய் என்று சொன்னேன். ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். தின்றார். முகம் சுளித்தது, பிறகு இன்னொன்று எடுத்தார். தேநீர் குடித்தார். குசினி ஜன்னலைத் திறந்து பார்த்தார், வடிகாலைப் பார்த்தார். இங்கே ஒரு குறையும் இல்லை, இந்த முறைப்பாட்டை நான் முடித்து வைக்கிறேன் என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். எனக்கு நிம்மதி வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் குசினியை முகர்ந்து பார்க்கச் சபை ஒரு மனிதனை அனுப்பியது. அவர் வந்தார், முகர்ந்தார், உண்மை எது என்று பார்த்துவிட்டுப் போனார். லியோங்கின் தோட்டத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. வேலியருகே வந்து நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்க்க ஒருவரையும் அவர்கள் அனுப்பவில்லை.

என் வார்த்தை அவர்களுக்குப் போதுமாக இருந்தது.